குழந்தையின் படுக்கை

குழந்தைக்கென்று ஓர் அறை ஒதுக்கிவிட்டீர்கள். ஜன்னலுக்கு நீலத் திரை, சுவரில் யானைப் படம், எல்லாம் தயார். இனிப் படுக்கை ஒன்றுதான் பாக்கி. நாகர்கோவில் கடைத்தெருவுக்குப் போனால், மெத்தை, தலையணை, இரு பக்கமும் அணைக்கத் திண்டு என்று பூப்போட்ட செட்டாக எடுத்துப் போடுவார்கள். பார்த்த பின் வாங்காமல் வர மனம் வராது. சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே!

கைக்குழந்தையானால் அந்தத் தலையணையும் வேண்டாம், திண்டும் வேண்டாம். தலை உருண்டையாக வரட்டும் என்று பாட்டிமார் வைக்கும் கடுகுத் தலையணையும் ஒரு வயது வரை கூடாது. மெத்தென்ற துணியில் மூக்குப் புதைந்தால், முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பிஞ்சுக்குத் தெரியாதல்லவா? அழுத்தினால் குழி விழாத சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே பத்திரம். 'குப்புறப் படுக்கவைக்காதீர்கள்' என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் சொன்னது. தூக்கத்தில் திடீரென்று நேரும் சிசு மரணங்கள் அடுத்த பத்தாண்டுக்குள் அங்கே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

"நாங்கள் பிள்ளை வளர்க்கவில்லையா?" என்று மாமியார் கேட்டால் எதிர்த்துப் பேச வேண்டாம். குழந்தை விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு, பக்கத்திலிருந்து கொஞ்சி விளையாடச் சொல்லுங்கள். தலையின் வடிவுக்கும் அது நல்லது, பாட்டிக்கும் சந்தோஷம்.

சற்று வளர்ந்த பிள்ளைக்கு வருவோம். நம் நாஞ்சில் நாட்டில் ஆனி, ஆடியில் ஒரு மழை. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. ஈரம் தங்கிய மெத்தையில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளும் பெருகும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு இரண்டுமே ஆகாது.

இலவம்பஞ்சு மெத்தை லேசானது. ஆனால் ஈரம் பட்டால் கட்டி தட்டும். வெயில் கண்ட அன்றே முற்றத்தில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும். கதம்பைத் தும்பில் ரப்பர் பால் சேர்த்து அழுத்திய மெத்தை கெட்டியானது, காற்றும் புகும். தென்னையும் ரப்பரும் நம் ஜில்லாவில் விளைபவைதானே! ஆனால் இதை உச்சி வெயிலில் போடக் கூடாது. காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி வைத்தால் போதும். எதுவானாலும் கடையிலேயே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். உங்களால் தனியே தூக்க முடியாத மெத்தை, மாதக்கணக்கில் கட்டிலை விட்டு நகராது.

கழற்றித் துவைக்கும் பருத்தி உறை இரண்டு இருக்கட்டும். படுக்கையை நனைக்கும் பிள்ளையானால், மெத்தை மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பருத்தி விரிப்பு. கட்டிலை ஓதம் ஏறும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

இவ்வளவுக்கும் கையில் பணமில்லையா? கவலை வேண்டாம். நல்ல கோரைப் பாயும் அதன் மேல் ஒரு ஜமக்காளமும் போதும். பூப்போட்ட செட்டைவிடக் காய்ந்த பாயில் குழந்தை சுகமாகத் தூங்கும்.