நன்னெறியும் லயத்துப் பாதையும்



1983ஆம் ஆண்டு முதல் நமது தொடக்கப் பள்ளிகளில் நன்னெறிக் கல்வி ஒரு பாடமாக விளங்கி வருகின்றது. பரிவு என்றால் யாது என்று வினவினால் நம் பிள்ளைகள் மூச்சு விடாமல் விடை கூறுவர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் அறிவர். (இம்மலையின் அதிகாலைக் குளிரில் பெரட்டுக்குச் செல்வோருக்குப் பேகனின் அருமை சற்றுக் கூடுதலாகவே விளங்கும்!) ஆயினும், சென்ற மழைக்காலத்தில் நான் கண்ட ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை.

வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் கொழுந்து மூட்டையைச் சுமந்தவாறு வழுக்கும் மண்பாதையில் ஏறி வந்தார். எதிரே வந்த நம் மாணவர் நால்வர் வழி விடவில்லை. "பங்களா! பங்களா!" என்று நகைத்தவாறே சென்றனர். ஓரமாக ஒதுங்க முயன்ற அவர் கால் சறுக்கி விழுந்தார். கொழுந்து சேற்றில் சிதறியது. அந்நால்வரில் ஒருவன் நன்னெறிப் பாடத்தில் முதல் மாணவன். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. பரிவின் பொருளை அவனுக்கு மனனம் செய்வித்தவன் நானன்றோ!

1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற அக்காலத்தில், மொழி தெரியாத மலைக்காட்டில் கூடை சுமந்தவர்கள் நம் முன்னோர். இழிபெயர் சூட்டி அழைக்கப்பட்டவர்களும் அவர்களே. இன்று நம்மவர் பலர் நகரங்களை நாடிச் சென்றுவிட, வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் அப்பணியைச் செய்கின்றனர். பேரப்பிள்ளைகளாகிய நாம் அந்த இழிபெயரைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டோம் போலும்!

சுமையோடு வருபவருக்கு வழி விடுதல், "அண்ணன்" என்று அழைத்தல், பெயரைக் கேட்டறிதல் ஆகியவற்றுக்குக் காசு வேண்டுவதில்லை. இவற்றால் அவர்தம் கூலி உயருமா என்று ஒரு பெரியவர் என்னிடம் வினவினார். உயராது, அதனைப் பேசவேண்டிய இடம் வேறு. ஆனால் பத்து வயதுச் சிறுவன் கூலியை உயர்த்த இயலாது, வழி விட இயலும். இதற்கு மதிப்பெண் வழங்குதலும் ஆகாது என்பேன். மதிப்பெண் வந்தால் ஆசிரியர் பார்க்கும் வேளையில் மட்டுமே வழி கிடைக்கும்.

பெற்றோர்களே! அந்த ஏளனச் சொல்லைப் பிள்ளைகள் பள்ளியில் கற்கவில்லை. இரவுச் சோற்றோடு கேட்டுக் கற்றனர்.

மறுநாள் அம்மாணவனை அழைத்துக்கொண்டு அவ்விளைஞரைக் காணச் சென்றேன். பையன் மன்னிப்புக் கேட்டுப் பெயரையும் கேட்டான். நானும் அன்றுதான் அப்பெயரை அறிந்தேன். ஈராண்டுகளாக நாள்தோறும் அவரைக் கடந்து சென்றிருக்கின்றேன்.