மாத்திரை மட்டும் போதுமா?
காச நோயும் காலி வயிறும்



“மருந்து இலவசம், பரிசோதனை இலவசம், ஆஸ்பத்திரி இலவசம். இத்தனைக்குப் பிறகும் காச நோய் போகவில்லை என்றால் குற்றம் யாருடையது? ஒழுங்காக மாத்திரை விழுங்காத ஜனங்களுடையதுதான்!”

இப்படி ஒரு வாதம் பல காலமாக உலவுகிறது. கனவான்கள் மேடையில் சொல்கிறார்கள். பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. இருமி இருமி எலும்பும் தோலுமாய்ப் போன கூலிக்காரனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

2025க்குள் இந்தியாவிலிருந்து காச நோயை ஒழித்துவிடுவோம் என்று 2018இல் டில்லியில் முழங்கினார்கள். 2025 வந்தது, நோய் போகவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 28 லட்சம் பேரை இந்நோய் பிடித்தது. மூன்று லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். உலகத்தில் இந்த நோய் பிடிக்கும் நால்வரில் ஒருவர் இந்தியர்.

இவர்கள் எல்லோரும் மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்களா? இந்த வாதம் பொய் என்பதற்கு வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை. சர்க்கார் நடத்திய ஆராய்ச்சிகளே சாட்சி.

சென்னை கண்ட உண்மை

1950களில் நிலைமை என்ன? நோயாளிகள் பல லட்சம். சானடோரியப் படுக்கைகளோ மிகக் குறைவு. படுக்கை கிடைத்தவன் பாக்கியசாலி. கிடைக்காதவன் வீட்டுத் திண்ணையில் படுத்துச் சாக வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில், 1956இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு நிலையம் திறந்தன. கேள்வி இதுதான்: சானடோரியத்தில் படுக்க வைத்து, பாலும் முட்டையும் கொடுத்து, ஓய்வு கொடுத்தால்தான் நோய் தீருமா? அல்லது குடிசையில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் தீருமா?

சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மறு பகுதியினர் நெருக்கடி மிகுந்த தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கு. பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலேயே நோயாளி இருந்ததால் பெண்டு பிள்ளைகளுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்த ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம்.

இது மகத்தான வெற்றி, சந்தேகமில்லை. வைத்தியம் பணக்காரன் வீட்டுப் பண்டமல்ல, குடிசைக்கும் அது வரும் என்று நிரூபித்தவர்கள் சென்னையின் ஏழை மக்களே. மருந்தைக் கொடுத்தால் அவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள் என்பதையும் அவர்களே காட்டினார்கள்.

பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டார்கள்

ஆனால் ஆட்சியாளர்கள் இதிலிருந்து என்ன பாடம் கற்றார்கள்? “அரை வயிற்றுக் கஞ்சி குடித்தவனுக்கும் நோய் தீர்ந்துவிட்டது. ஆகவே சோற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மாத்திரை போதும்!” ஆஹா, எவ்வளவு மலிவான பாடம்!

சென்னை ஆராய்ச்சி கேட்ட கேள்வி, விழுந்துவிட்டவனை மருந்து எழுப்புமா என்பது. எழுப்பும் என்று பதில் வந்தது. அடுத்தவன் ஏன் விழுகிறான், அவனை விழாமல் தடுப்பது எப்படி என்ற கேள்விக்கு அது பதில் சொல்ல வந்ததல்ல. ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை வேறொரு கேள்விக்கும் ஒட்டவைத்தது விஞ்ஞானம் அல்ல, கஜானாக் கணக்கு.

நோய் எப்படி வருகிறது என்று பாருங்கள். கிருமி காற்றில் வருகிறது, மூச்சில் புகுகிறது. ஆனால் கிருமி புகுந்தவரெல்லாம் நோயாளி ஆவதில்லை. பத்துப் பேருக்குள் புகுந்தால் ஏறக்குறைய ஒருவரைத்தான் வாழ்நாளில் அது வீழ்த்துகிறது. மற்றவர் உடம்பில் உள்ள எதிர்ப்புச் சக்தி அதைச் சிறை பிடித்து வைக்கிறது. பட்டினி அந்தச் சிறைக் காவலனைக் கொல்கிறது. காவலன் செத்தால் கைதி வெளியே வருவான்!

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜெர்மன் சிறை முகாமில் நடந்ததைப் பாருங்கள். பிரிட்டிஷ் கைதிகளும் சோவியத் கைதிகளும் ஒரே நிலையில் அடைபட்டுக் கிடந்தார்கள். பிரிட்டிஷாருக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலம் வந்தது. சோவியத் வீரருக்கு அது வரவில்லை. பிற்பாடு பரிசோதித்தபோது பிரிட்டிஷாரில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கே காச நோய். சோவியத் வீரரிலோ நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் குறையவில்லை. வித்தியாசம் ஒரு உணவுப் பொட்டலம்!

ஜார்க்கண்டின் அரிசியும் பருப்பும்

“யுத்தக் காலக் கதை, நிரூபணமாகாது” என்று சிலர் தட்டிக் கழித்தார்கள். அவர்கள் வாயையும் அடைக்க ஓர் ஆராய்ச்சி வந்துவிட்டது.

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு ஜில்லாக்களில் அது நடந்தது. அதற்குப் பணம் கொடுத்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். நோயாளிகள் 2,800 பேர். அவர்கள் குடும்பத்தார் பத்தாயிரத்துக்கு மேல். பெரும்பாலோர் ஆதிவாசிகள். அந்த நோயாளிகளின் சராசரி எடை என்ன தெரியுமா? 43 கிலோ கூட இல்லை!

நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். அரிசி, கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். குடும்பத்தாரில் ஒரு பகுதிக்கு மட்டும், தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, ஒரு சத்து மாத்திரை. மறு பகுதிக்கு இது இல்லை.

2023இல் முடிவு வந்தது. அரிசியும் பருப்பும் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காச நோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் நோய் நூற்றுக்கு 48 பங்கு, ஏறக்குறைய பாதி, குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு ஏறியவர்களிடையே சாவு அபாயம் நூற்றுக்கு 61 பங்கு குறைவாக இருந்தது.

இதற்கு ஆன செலவு, குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் சுமார் 4 டாலர். நம் பணத்தில் முந்நூறு ரூபாய் அளவு. இந்த மருந்தைக் கண்டுபிடிக்க எந்த மேல்நாட்டுக் கம்பெனியும் தேவைப்படவில்லை. இதற்குப் பேடண்ட் கிடையாது. இதை விளைவிப்பவன் விவசாயத் தொழிலாளி. விளைவித்த கைக்கு அது வந்து சேரவில்லை என்பதே வியாதி!

இவர்கள் கொடுப்பது என்ன?

2018இல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்றார்கள். 2024 நவம்பரில் அதை 1000 ஆக்கினார்கள். நாளுக்கு 33 ரூபாய். அதுவும் நோயாளிக்குத்தான். அவன் கூலி நின்றுபோன பிறகு குடும்பம் மொத்தமும் இந்த 33 ரூபாயில்தான் கை வைக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு உணவுக் கூடை தர தர்மவான்கள் முன்வர வேண்டுமாம்! கம்பெனிகளும் கனவான்களும் நோயாளிகளைத் ‘தத்து’ எடுக்க வேண்டுமாம்! தர்மவான் மனம் இரங்கினால் பருப்பு, இரங்காவிட்டால் இருமல். விஞ்ஞானம் மருந்து என்று நிரூபித்த ஒன்றைப் பிச்சையாக மாற்றுவது என்ன நியாயம்? மாத்திரைக்கு உண்டியல் குலுக்குகிறார்களா? பருப்புக்கு மட்டும் ஏன்?

ரேஷன் கடைக் கணக்கையும் பாருங்கள். ஜார்க்கண்டில் நோயைத் தடுத்த அளவு தலைக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஏழரைக் கிலோ. நம் ரேஷன் கார்டுக்குக் கிடைப்பது ஒரு கிலோ! தமிழ்நாட்டில் 2022 முதல், மிக மெலிந்த, மூச்சுத் திணறும் நோயாளிகளை ஆரம்பத்திலேயே பிரித்தறிந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும் திட்டம் நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் மெலிந்தவனைக் கண்டுபிடிப்பதோடு நிற்கக் கூடாது; அவன் ஏன் மெலிந்தான் என்றும் கேட்க வேண்டும்.

ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. சட்டம் இருக்கிறது. நிபந்தனைகள் பூர்த்தியானால் காச நோய்க்கு இரண்டாண்டு வரை சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு பெறலாம். ஆனால் கண்டிராக்டுத் தொழிலாளியின் பெயரை ஏட்டிலேயே ஏற்றாத முதலாளி இருக்கும்போது இந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய். வயலில் இறங்கும் கூலித் தொழிலாளிக்கோ இந்த ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் பட்டினி. அவன் மாத்திரையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடினால் அது ‘அறியாமை’ அல்ல, அடுப்பு!

நாம் கேட்பது

ஒன்று: நோயாளிக்கு மட்டுமல்ல, அவர் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும், சிகிச்சைக் காலம் முழுவதும், அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் ரேஷன் கடை மூலம் உரிமையாகக் கொடு!

இரண்டு: ரேஷன் கார்டுக்கு ஒரு கிலோ பருப்பு என்பதை மாற்றித் தலைக்கணக்கில் கொடு!

மூன்று: நோயில் விழுந்த விவசாயத் தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடு செய்!

நான்கு: கண்டிராக்டுத் தொழிலாளர் அனைவரையும் ஈ.எஸ்.ஐ.யில் சேர்! ஆலைகளிலும் கல் குவாரிகளிலும் தூசியைக் கட்டுப்படுத்து! கல் தூசி படிந்த நுரையீரலில் காச நோய் எளிதில் குடியேறுகிறது.

சங்க ஊழியர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருமினால், “பஞ்சுத் தூசி இருமல்தான்” என்று விட்டுவிடாதீர்கள். சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மருந்து தொடங்கியவரை நடுவில் நிறுத்தவிடாதீர்கள். மருந்து இல்லாமல் சோறு மட்டும் நோயைத் தீர்க்காது. அவரை வேலையிலிருந்து நீக்கினால் சங்கம் தலையிட வேண்டும். ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து தொற்றும் அபாயம் வெகு சீக்கிரம் குறைந்துவிடுகிறது. அவரை ஒதுக்கி வைக்கக் காரணமே இல்லை.

1882இல் ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்துக் காட்டினார். 1959இல் சென்னை மக்கள் மருந்தின் வலிமையைக் காட்டினார்கள். 2023இல் ஜார்க்கண்ட் மக்கள் சோற்றின் வலிமையைக் காட்டினார்கள். ஆராய்ச்சிக்கு ஏழை மக்கள் தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள். அதன் பலன் ஏழை மக்களுக்கு வந்து சேர வேண்டும். மாத்திரையும் வேண்டும், சோறும் வேண்டும்! இரண்டும் உரிமை, இரண்டில் எதுவும் பிச்சை அல்ல!