சோறு போடும் ஆபீஸ்

தென்காசிப் பக்கம் பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்றால் 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்பார்கள். மத்தளம்பாறையில் இருக்கும் ஜோஹோ மென்பொருள் கம்பெனியில் என்றால் இன்னொரு கேள்வியும் வரும்: 'சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பாங்க?' ஒன்றும் பிடிப்பதில்லை என்றால் லேசில் நம்ப மாட்டார்கள்.

நம்பாததற்குக் காரணம் உண்டு. இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் அம்மாவோ ஆச்சியோ பீடி சுற்றியவர்கள். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து நறுக்கி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு விளக்கு வைக்கும் வரை சுற்ற வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. மறுநாள் கடையில் சரியில்லை என்று ஒரு பிடியைக் கழித்துவிட்டால் அதற்குக் கூலி கிடையாது. இலை பற்றாமல் போனால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். அந்தத் தொழிலில் சலுகை என்று சொல்லிக்கொள்ள இருந்ததில் ஒன்று பி.எஃப். அதுவும் சும்மா வரவில்லை. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளர்களே, அவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் புது ஆபீஸில் தட்டோடு வரிசையில் நிற்கிறாள். பரிமாறுகிறவர் காசு கேட்கவில்லை. இரண்டாவது முறை குழம்பு கேட்க அவளுக்குக் கூச்சம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த ஊரில், சாப்பாடு வாங்கினால் கடன் வாங்கியது போல. ஆறு மணிக்குக் கிளம்பத் தோன்றாது. ஊதிய உயர்வு கேட்க வாய் வராது. 'சோறு போட்டுச் சம்பளமும் கொடுக்கிறான், இன்னும் என்ன?' என்று வீட்டிலேயே அடக்கிவிடுவார்கள். சலுகைக்குப் பழகுவதில் கஷ்டமான இடம் இதுதான்.

கொடுப்பவர்கள் இதைத் தர்மமாக நினைத்துக் கொடுப்பதில்லை. 2004-இல் கூகுள் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் நிறுவனர்கள் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், இலவசச் சாப்பாடும் மருத்துவரும் துணி துவைக்கும் எந்திரமும் கம்பெனிக்கு நீண்ட நாள் லாபம் என்று கணக்குப் பார்த்தே கொடுப்பதாகச் சொன்னார்கள். இவை இனிக் கூடுமே தவிரக் குறையாது என்றும் எழுதினார்கள். 2023 ஜனவரியில் அதே கம்பெனி 12,000 பேரை வேலையிலிருந்து எடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே மெட்டா, ஊழியர்களின் துணிகளை இலவசமாகத் துவைத்துக் கொடுப்பதை நிறுத்தியிருந்தது. கணக்குப் பார்த்துக் கொடுத்ததைக் கணக்குப் பார்த்தே நிறுத்துவார்கள். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. நாமும் கணக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜோஹோ தென்காசிக்கு வந்தது 2011-இல். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-இல் மத்தளம்பாறைக்கே குடிவந்தார். இந்த ஊரில் வேலை செய்கிறவருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை எந்தப் பட்டியலிலும் இருக்காது. சொந்த வீட்டிலிருந்து போய் வரலாம். சென்னை வாடகையும் அட்வான்ஸும் இல்லை. கூகுள் மாதிரிக் கம்பெனிகள் கலிபோர்னியாவில் ராத்திரிச் சாப்பாடு போட்டது ஆளை ஆபீஸிலேயே இருத்திக்கொள்ள. இங்கே ராத்திரிச் சாப்பாடு வீட்டிலேயே மூடி வைத்திருக்கும். கிளம்பி வந்து சாப்பிடுவதில் நன்றிகெட்டத்தனம் எதுவும் இல்லை.

எந்த ஆபீஸாக இருந்தாலும், தயவு என்று சொல்லப்படுவதில் பாதி சட்டம். 26 வாரப் பேறுகால விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைக் காப்பகம், இரண்டும் பேறுகாலச் சட்டத்தின் 2017 திருத்தத்திலிருந்தே கட்டாயம். பழச்சாறும் டேபிள் டென்னிஸும் தயவு, நாளைக்கே நிற்கலாம். மருத்துவக் காப்பீடு அப்பா அம்மாவுக்கும் உண்டா என்பது பழச்சாற்றைவிட நூறு மடங்கு முக்கியம், ஆனால் சேரும் அன்று அதைக் கேட்கிறவர் குறைவு.

விடுப்பு விஷயத்தில்தான் நம் ஆட்கள் ரொம்ப மோசம். சாரல் தொடங்கினால் எங்கிருந்தெல்லாமோ வண்டி பிடித்துக் குற்றாலத்துக்கு வருகிறார்கள். ஐந்தருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறவர், புதுசாகச் சேர்ந்த இடத்தில் எப்படி லீவு கேட்பது என்று ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டைப் போல விடுப்பும் சம்பளத்தின் ஒரு பங்கு. கேட்டு எடுங்கள்.