'பரியா' என்று எழுதுவதை நிறுத்துவோம்

வங்கித் தேர்வுக்குத் தயாராகும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். போன மாதம் ஒரு தங்கை சொற்பட்டியல் புத்தகத்தை நீட்டினாள். அதில் 'பரியா' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராக 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் போட்டிருந்தது. "அக்கா, இது நம்ம பேருதானே?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா பறை இசைக் கலைஞர்.

ஆமாம், நம்ம பேருதான். புறநானூற்றின் 335ஆம் பாடல் நான்கே குடிகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று பறையன். அங்கே அது இழிசொல் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போன இந்தப் பெயர், காலப்போக்கில் 'ஒதுக்கப்பட்ட எவரும்' என்ற பொருளுக்கு வந்தது. தெருநாய்க்கும் கரும்பருந்துக்கும்கூட ஆங்கிலேயர் இதை அடைமொழியாக்கினார்கள். மாக்ஸ் வெபர் யூதர்களை இந்தச் சொல்லால் குறித்தார். ஹன்னா அரெண்ட் 1944இல் அதையே கலகக்காரரின் பெயராக மாற்றிப் பார்த்தார். அந்த விவாதத்திலும் பெயருக்கு உரியவர்கள் இல்லை.

மலேசியாவில் இது சாதி பார்க்காமல் இந்தியர் எல்லோர்மீதும் வீசப்படும் இனவசை. 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல் பாடநூலானபோது, அதில் வந்த இச்சொல்லை எதிர்த்துத் தமிழர்கள் போராடினார்கள். 2011இல் நாவல் திரும்பப் பெறப்பட்டது. போராட்டம் நியாயமானது. ஆனால் "எங்களைப் போய் அப்படிச் சொல்வதா?" என்று ஒருவர் கொதித்தால், 'அப்படி' சொல்லத் தக்கவர்கள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். இனவெறிக்கு எதிரான கோபத்துக்குள் சாதி ஒளிந்துகொள்வது இப்படித்தான்.

"அது இப்போது வெறும் ஆங்கிலச் சொல், யாரும் சாதியை நினைப்பதில்லை" என்பார்கள். லண்டனில் நினைக்காமல் இருக்கலாம். எங்கள் தெருவில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி நினைத்தாள். உலகம் புறக்கணிக்கும் நாட்டை 'பரியா நாடு' என்று நம் ஊர் ஆங்கில நாளேடுகள் எழுதும்போது, யாருடைய பெயரை எடுத்து அவமானத்துக்கு அளவுகோலாக வைக்கிறோம் என்று தெரியாதா?

அப்படியானால் பெயரையே அழித்துவிடலாமா? கூடாது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எம்.சி.ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, 1922இல் அரசு ஆவணங்களில் அந்தப் பெயருக்குப் பதிலாக 'ஆதி திராவிடர்' இடம்பெற வழிசெய்தார். ஒருவர் பெயரை நிமிர்ந்து சொன்னார், இன்னொருவர் மாற்றினார். இரண்டுமே சரி, ஏனென்றால் முடிவு எடுத்தவர்கள் அந்தப் பெயருக்கு உரியவர்கள்.

ஆகவே தோழர்களே, கேட்பது சிறிய விஷயம்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஒதுக்கப்பட்ட', 'தனிமைப்படுத்தப்பட்ட' என்பதற்கு வேறு சொற்கள் தாராளமாக இருக்கின்றன; அவற்றை எழுதுங்கள். பயிற்சி வகுப்பு எடுப்பவர்கள் இந்தச் சொல் வந்தால் பொருளோடு வரலாற்றையும் சொல்லுங்கள். அந்தப் புத்தகத்தின் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அந்தத் தங்கையுடையது.