வேலையிழப்பின் காரணத்தை எழுத வேண்டியவர் யார்?
வேலையின்மை நிவாரணம் குறித்த சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஏனைய மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நிலையில், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் (இ.எஸ்.ஐ.) கழகத்தின் கிளை அலுவலகங்களில் வேலையின்மை நிவாரண விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஊழியர்களின் நிலைப்பாடு என்ன என்று தொழிற்சங்கங்களும் விண்ணப்பதாரர்களும் தொடர்ந்து கேட்டு வருவதால், அவ்வூழியர்களின் சங்கச் செயற்குழு விரிவாக விவாதித்து இவ்வறிக்கையை வெளியிடுகிறது. திட்டத்தின் வரலாறு உறுப்பினர்கள் அறிந்ததே ஆகையால், இங்கு அது சுருக்கமாகவே சுட்டப்படுகிறது.

ஆட்குறைப்பாலோ ஆலை மூடலாலோ வேலையிழந்தோருக்கென 2005 ஏப்ரல் 1இல் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா தொடங்கப்பட்டது. 2018 ஜூலை 1இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, வாழ்நாளில் ஒரு முறை, அதிகபட்சம் 90 நாட்களுக்கு, சராசரி நாள் ஊதியத்தில் 25 சதவீதம் வழங்கும் முன்னோட்டத் திட்டமாக அமைந்தது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் அந்த விகிதம் 50 சதவீதமாக உயர்ந்தது; வேலையிழந்து 90 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பது 30 நாட்களாகக் குறைந்தது; வேலையளிப்பவரின் கையை எதிர்பாராமல் தொழிலாளி நேரடியாகக் கிளை அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்ற நிலையும் ஏற்பட்டது. இத்தளர்வுகளைச் சங்கம் அன்றும் வரவேற்றது, இன்றும் வரவேற்கிறது. ஆயினும் நாளொன்றுக்குச் சராசரி 400 ரூபாய் ஊதியம் பெற்ற ஒருவருக்கு உயர்த்தப்பட்ட விகிதத்திலும் மொத்தம் 18,000 ரூபாயே கிடைக்கும் என்பதும், அதன்பின் ஆயுளுக்கும் அவருக்கு இந்த வாசல் அடைபட்டுவிடும் என்பதும் நினைவில் நிறுத்தத் தக்கவை.

1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் நோய், மகப்பேறு, ஊனம், சார்ந்தோர், மருத்துவம், ஈமச்சடங்கு ஆகிய ஆறு பயன்களையே சட்டப்படியான உரிமைகளாக வகுத்திருந்தது. புதிய தொகுப்பும் அதே ஆறுடன் நின்றுவிட்டது. எனவே வேலையின்மை நிவாரணம் நீதிமன்றத்தில் நின்று கேட்கத்தக்க உரிமையாக இல்லாமல், காலநீட்டிப்பு ஆணைகளைக் கொண்டு தொடரும் நலத்திட்டமாகவே இருந்து வருகிறது. இதை உடனடியாகச் சட்டப் பயனாக்க வேண்டும் என்ற கருத்தும், நிதிநிலை ஆய்வுக்குப் பின்னரே அதைக் கோர வேண்டும் என்ற கருத்தும் செயற்குழுவில் முன்வைக்கப்பட்டன. கொள்கையளவில் இது சட்டப் பயனாக்கப்பட வேண்டும் என்றும், அதற்கான கால அட்டவணை உரிய கலந்தாலோசனைக்குப் பின் வகுக்கப்படலாம் என்றும் இறுதியில் முடிவு செய்யப்பட்டது. எனினும் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் 0.75 சதவீதம் பிடிக்கப்படுவதற்கு எந்தக் காலநீட்டிப்பு ஆணையும் தேவைப்படுவதில்லை என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

சங்கம் மிக முதன்மையாகக் கருதுவது இனி வரும் பொருளாகும். தவறான நடத்தைக்கான தண்டனையாலோ, ஓய்வு பெற்றதாலோ, விருப்ப ஓய்வாலோ வேலை போனவருக்கு நிவாரணம் இல்லை என்பது திட்டத்தின் நிபந்தனை. ஆகவே வேலை போனது என்பதைக் காட்டிலும் ஏன் போனது என்பதே விண்ணப்பத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. அந்த ‘ஏன்’ முதலில் பதிவாகும் இடம், ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டிய வேலையளிப்பவர் இணையத்தில் நிரப்பும் பட்டியலாகும். ஒரு தொழிலாளி அம்மாதத்தில் வேலை செய்த நாட்கள் பூச்சியம் எனில், அதற்கு எதிரே ‘விடுப்பில்’, ‘வேலையை விட்டார்’, ‘ஆட்குறைப்பு’, ‘வேலை இல்லை’ என விரியும் காரணங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுப்பவர் கணக்குப் பிரிவு எழுத்தராக இருக்கலாம், வெளியிலிருந்து கணக்குப் பார்க்கும் ஆலோசகராகவும் இருக்கலாம். வேலையிழந்தவர் மட்டும் அந்த இடத்தில் இருப்பதில்லை.

பின்னலாடைத் தொழிற்கூடம் ஒன்றில் மேற்பார்வையாளர் மாலையில் வந்து “நாளையிலிருந்து வர வேண்டாம், ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம்” என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவது ஊரறிந்த வழக்கம். அத்தகைய தொழிலாளி ஆதார் அட்டையுடனும் வங்கிக் கணக்குப் புத்தகத்துடனும் கிளை அலுவலகத்தின் முகப்பில் வந்து நிற்கும்போது, கணினித் திரையில் அவர் பெயருக்கு எதிரே ‘வேலையை விட்டார்’ என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆட்குறைப்பு என்று எழுதினால் அறிவிப்புக் காலம், இழப்பீடு ஆகிய பொறுப்புகள் வேலையளிப்பவரைத் தேடி வரும் என்பதால், எந்தச் சொல் தேர்ந்தெடுக்கப்படும் என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. அந்தச் சொற்களை நம்பி மறுத்தால் தொழிலாளி வஞ்சிக்கப்படுகிறார். நம்பாமல் வழங்கினால் தணிக்கைக் குறிப்புக்கு ஊழியர் பதில் எழுத வேண்டியிருக்கிறது. எழுதியவர் ஒருவர், வசவு வாங்குபவர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாட்டை நடைமுறைச் சிக்கல் என்று மென்மையாகக் குறிப்பிடுமாறு சில உறுப்பினர்கள் வேண்டினர். செயற்குழு அதை அநீதி என்றே பதிவு செய்கிறது.

புதிய சட்டச் சூழல் இக்குழப்பத்தை மேலும் கூட்டக்கூடும் எனச் சங்கம் அஞ்சுகிறது. தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு ‘குறித்த கால வேலை’யை, அதாவது தொடக்க நாளும் முடிவு நாளும் முன்னரே எழுதப்பட்ட ஒப்பந்த வேலையை, ஏற்பதோடு, அக்காலம் முடிந்து ஒருவர் வெளியேறுவது ஆட்குறைப்பு ஆகாது என்றும் வரையறுக்கிறது. அவ்வாறு வெளியேறியவர் ஆட்குறைப்புக்கு உள்ளானவரும் அல்லர், தாமாக வேலையை விட்டவரும் அல்லர், தண்டிக்கப்பட்டவரும் அல்லர். ஆயினும் அவருக்கு வேலை இல்லை, அடுத்த மாத வாடகை மட்டும் இருக்கிறது. இத்தகையோர் நிவாரணத்திற்கு உரியவர் என்பதைத் தெளிவாக உரைக்கும் எழுத்து ஆணை இல்லாவிடில், ஒரே ஒப்பந்தத்தைக் கொண்ட இருவருக்கு இரண்டு கிளைகளில் இரண்டு விடைகள் கிடைக்க நேரும்.

பிற பொருள்கள் குறித்து: இ.எஸ்.ஐ.யின் கீழ் வருவதற்கென 2017 முதல் மாறாதிருக்கும் 21,000 ரூபாய் மாத ஊதிய வரம்பு மறுஆய்வுக்கு உரியது. நிவாரணம் பெற 78 நாள் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற தகுதி, பருவகாலத் தொழில்களைப் பொறுத்தவரை தளர்த்தப்படலாம். செயலிவழித் தொழிலாளர்களை இத்திட்டத்தில் சேர்ப்பது பற்றி இக்கட்டத்தில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. கிளைகளின் ஆள் பற்றாக்குறை பற்றித் தனியே எழுதப்படும்.

மேற்கண்டவற்றின் அடிப்படையில், வேலை முடிவுக்கு வந்த காரணம் பதிவேறும் அன்றே அது தொழிலாளியின் கைப்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தியாகச் செல்ல வேண்டும் என்றும், அதை மறுத்துரைக்க அவருக்கு 30 நாள் அவகாசம் தரப்பட வேண்டும் என்றும், தாமாக விலகினார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு கையொப்பமிட்ட விலகல் கடிதத்துடன் வேலையளிப்பவரையே சார வேண்டும் என்றும், நல்லெண்ணத்துடன் முடிவெடுத்த ஊழியர்மீது தணிக்கையின் சுமை ஏற்றப்படக் கூடாது என்றும் சங்கம் கோருகிறது. வேலையளிப்பவர் அமைப்புகளுடன் இவை குறித்துப் பேசச் சங்கம் அணியமாக உள்ளது. ஆனால் பேச்சு முடியும்வரை பசி காத்திருக்காது.

அதுவரை உறுப்பினர்கள் ஒன்றை உறுதியாகக் கடைப்பிடிக்குமாறு செயற்குழு வேண்டுகிறது. காரணக் கட்டத்தில் எழுதப்பட்டிருப்பதை விண்ணப்பதாரருக்குப் படித்துக் காட்டி, அவர் சொல்லும் மறுமொழியை எழுத்தில் வாங்கிக் கோப்பில் சேர்க்காமல், எந்த விண்ணப்பத்தையும் மறுக்க வேண்டாம்.