சிங்கப்பூரில் தொழுகைக்கு என்ன செய்தீங்க டீச்சர்?



டிசம்பர் லீவில் நானும் கணவரும் நான்கு நாள் சிங்கப்பூர் போய் வந்தோம். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிய காசு. படங்கள் போட்ட அன்றே கொமென்ட் வந்தது: "அந்தக் காசில உம்ராவுக்குப் போயிருக்கலாமே டீச்சர்?" இன்னொருவர் கேட்டார்: "அங்க தொழுகைக்கு என்ன செய்தீங்க?"

முதல் கேள்விக்குப் பதில்: நிய்யத் இருக்கிறது, துஆச் செய்யுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், நான்கு நாளும் எனக்கு ஒரு வக்துகூடத் தவறவில்லை.

முதல் நாள் கம்போங் கிளாம் பகுதிக்குப் போனோம். அங்கேதான் சுல்தான் பள்ளிவாசல். 1824இல் தொடங்கிய பள்ளி. இப்போதிருக்கும் கட்டடம் 1932இல் கட்டி முடிக்கப்பட்டது. தங்க நிறக் குப்பாவின் அடியில் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். உற்றுப் பார்த்தால் அத்தனையும் கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகம். காசு கொடுக்க வசதியில்லாத ஏழைகளுக்கும் பள்ளியில் பங்கு இருக்க வேண்டும் என்று அவர்களிடம் போத்தல் வாங்கிப் பதித்திருக்கிறார்கள். நான் கேட்கும் முன்பே வாசலில் நின்றவர் பெண்கள் பகுதிக்கு வழி காட்டினார். சுத்தமான வுழூ இடம், மாட்டி வைத்த தொழுகை உடை, கதவில் ஒழுங்கான கொண்டி. ஒரு பெண்ணுக்கு இவ்வளவுதான் வேண்டும்.

மறுநாள் சைனாடவுன். அங்கே ஜாமிஆ சூலியா பள்ளி, 1826இல் தென்னிந்தியாவிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தொடங்கியது. அதே வீதியில் கொஞ்சம் தள்ளி மாரியம்மன் கோயில்.

மூன்றாம் நாள் மெர்லயன் சிலையடியில் நிற்கும்போது அஸர் நேரம். சுற்றிவர வங்கிக் கட்டடங்கள். இன்றைக்குத் தவறப்போகிறது என்று நினைத்தேன். கணவர் போனைப் பார்த்துவிட்டு ஒரு வங்கிக் கோபுரத்துக்குக் கூட்டிப் போனார். 280 மீட்டர் உயரம். அதன் நிலத்தடியில் மௌலானா முஹம்மத் அலி பள்ளி! அங்கும் பெண்களுக்கு இடம் இருந்தது.

கார்டன்ஸ் பை த பே, விளக்கு மரங்கள் எல்லாம் அழகுதான். படங்களில் பாருங்கள்.

இனி நம் நாட்டுக் கதை.

கட்டுநாயக்கவில் இறங்கி வேனில் ஊருக்கு வருகிறோம். வழியில் ஒரு பெரிய பள்ளிவாசல். பெயர் சொல்லமாட்டேன். மாபிள் தரை, இரண்டு மினாரா. கணவர் உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்தார். நான் வேனுக்குள். மலசலகூடத்தையாவது பாவிக்கலாமா என்று கேட்டேன். "பொம்புளையளுக்கு இல்ல தங்கச்சி, முன்னுக்கு ஒரு கடை இரிக்கி, கேட்டுப் பாருங்க" என்றார் அங்கிருந்தவர். காலையில் அந்நிய நாட்டில் பள்ளிக்குள் நின்று ஸுபஹ் தொழுதவள், என் சொந்த நாட்டில் கடை முதலாளியிடம் கெஞ்சினேன்.

பெண்களுக்கு இடம் ஒதுக்கிய பள்ளிகள் இங்கும் இருக்கின்றன, மாஷா அல்லாஹ். ஆனால் வழியில் எத்தனை? எண்ணிப் பாருங்கள்.

"பெண்கள் வீட்டில் தொழுவதுதான் சிறப்பு" என்பீர்கள். சரி. நான் வீதியில் நிற்கும்போது வீடு எங்கே இருக்கிறது? "பிரயாணத்தில் ஜம்உ, கஸர் செய்யலாமே" என்பீர்கள். சேர்த்துத் தொழவும் சுருக்கித் தொழவும் ஒரு பாய் அளவு இடம் வேண்டாமா? சீனி வருத்தமுள்ள உம்மாமார், வயிற்றில் பிள்ளையோடு கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைகள் எட்டு மணித்தியாலம் எப்படி அடக்கிக்கொண்டு போவார்கள்? ஹதீஸ் எழுதி உங்களுக்குப் படிப்பிக்க நான் வரவில்லை. என்னைவிட நன்றாக உங்களுக்குத் தெரியும்.

"சிங்கப்பூர் பணக்கார நாடு" என்று ஒரு பதிலும் வரும். அங்கே 1975இல் என்ன நடந்தது தெரியுமா? கிராமங்களை உடைத்து மக்களை மாடி வீடுகளுக்கு அனுப்பிய காலம். புதிய குடியிருப்புகளில் பள்ளி இல்லை. முஸ்லிம் தொழிலாளர்களின் சம்பளத்தில் மாதம் ஐம்பது சதம் கழித்து ஒரு பள்ளி நிதி தொடங்கினார்கள். 1977இல் முதல் பள்ளி எழும்பியது. இன்றுவரை அந்த நிதியில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள். "இடமில்லை" என்பவர்களுக்கும் ஒன்று: முழுச் சிங்கப்பூரும் சேர்ந்து நம் அம்பாறை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அவர்கள் நிலத்துக்கு அடியிலும் இடம் கண்டார்கள்.

நமக்கும் காசு இருக்கிறது. மினாராவுக்குச் சேர்கிறது, ஏசிக்குச் சேர்கிறது. ஒரு தண்ணீர்க் குழாய், கொண்டி போட்ட ஒரு கதவு, நாலு பாய் விரிக்கும் ஓர் அறை என்றால் மட்டும் "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்".

நம் ஊர்ப் பள்ளியும் பிரதான வீதியில்தான் இருக்கிறது. நாளாந்தம் எத்தனை வேன், எத்தனை பஸ் கடந்து போகின்றன! பின்பக்கம் உடைந்த கதிரையும் பழைய பாயும் அடைத்து வைத்த அறையைத் துப்புரவு செய்தால் போதும். வீதியில் ஒரு பலகை வையுங்கள்: பெண்களுக்குத் தொழுகை வசதி உண்டு.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை யாராவது எழுப்புங்கள். எங்களுக்கு அங்கே வந்து பேச இடமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் போதும். எங்கள் வீட்டு முதல் வருடக் காசை கணவர் இந்த ஜும்ஆவுக்கே கொண்டு வருவார்.

வஸ்ஸலாம்.