புலி, புளியாகலாமா?

மூன்றாம் வகுப்பு. ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். "காட்டில் புலி உறுமியது." ஒரு சிறுவன் எழுதி முடித்து, நோட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறான். அதில் காட்டில் உறுமுவது புலியல்ல, புளி! ஆசிரியருக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. "புலி என்று 100 தடவை எழுதிக்கொண்டு வா" என்று உத்தரவாகிறது. பையன் எழுதுகிறான். ஐம்பது தடவைக்கு மேல் கைதான் எழுதுகிறது. மனம் எங்கோ போய்விடுகிறது. மறுவாரம் 'கிளி' எழுதச் சொன்னால் 'கிலி' என்று எழுதி வைக்கிறான்.

பல பள்ளிகளிலும் வீடுகளிலும் நடக்கிற சங்கதிதான் இது. குற்றம் பையனுடையதா, சொல்லிக் கொடுக்கும் முறையினுடையதா? முறையினுடையது என்றே சொல்ல வேண்டும்.

காது முந்தியது

பள்ளியில் சேரும் குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. தாலாட்டு, நிலாப் பாட்டு, விளையாட்டுப் பாட்டு என்று ஐந்து வருஷம் கேட்டுப் பழகிய காதோடு வருகிறது. ஒத்த ஓசை கேட்டால் அதற்கு உற்சாகம். பள்ளியோ அந்தக் காதை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கண்ணையும் கையையும் மட்டும் உள்ளே அழைக்கிறது. 247 எழுத்துக்களும் அட்டவணையாக அதன் முன்னே வந்து நிற்கின்றன.

நம் முன்னோர் இப்படிச் செய்யவில்லை. ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்தது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் அதை வாயால் சொன்னார்கள். விரலால் மணலில் எழுதினார்கள். இல்லாதது ஒன்றுதான்: படம். 1658-ஆம் ஆண்டில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் அந்தக் குறையைத் தீர்க்க வழி காட்டினார். பிள்ளைகளுக்காக அவர் வெளியிட்ட படப் புத்தகத்தில், காக்கையின் படத்தைப் பார்த்து, அது கத்தும் ஓசையைச் சொல்லி, அந்த ஓசைக்குரிய எழுத்தைப் பிள்ளைகள் அறிந்தார்கள். படம், ஓசை, எழுத்து மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தன.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவில் 1954-இல் ஜான் ஹெர்ஸி என்ற எழுத்தாளர் 'லைஃப்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகள் படிக்கத் திணறுவதற்கு உப்புச் சப்பில்லாத பாடப் புத்தகங்களும் ஒரு காரணம் என்று அவர் சாடினார். அதன் விளைவாக, டாக்டர் சூஸ் என்ற புனைபெயர் கொண்ட தியோடர் கைசலிடம் ஒரு பதிப்பாளர் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அதற்குள்ளேயே ஒரு கதை எழுதும்படி கேட்டார். 1957-இல் தொப்பி போட்ட பூனையின் கதை வெளிவந்தது. அதில் உள்ள வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே. 1960-இல் வந்த இன்னொரு புத்தகத்தில் வெறும் 50 சொற்கள். சொல் குறைவு, ஆனால் படமும் ஓசையும் நிறைவு. குழந்தைகள் அவற்றை விரும்பிப் படித்தார்கள்.

தமிழுக்கு உள்ள வசதி

ஆங்கிலத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரே ஓசையில் முடியும் இரண்டு சொற்களுக்கு இரண்டு விதமான எழுத்துக்கள் இருக்கும். தமிழில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மேலும், தமிழ்ப் பாட்டின் ஓசை அடியின் கடைசியில் மட்டும் இல்லை. முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. கடைசியில் ஒத்து வந்தால் இயைபு. தொல்காப்பியச் செய்யுளியல் பேசும் தொடைகள் இவை.

இந்த எதுகைதான் எழுத்துப் பிழைக்குக் கைகண்ட மருந்து. எலி, புலி, வலி, ஒலி, கிலி - இவை ஒரு குடும்பம். கிளி, புளி, துளி, உளி, ஒளி - இவை இன்னொரு குடும்பம். வழி, குழி, விழி, மொழி, சுழி - இது மூன்றாவது குடும்பம். ஒரு பக்கத்தில் எலி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. எதிரே புலி நடுங்குகிறது. கீழே ஒரே ஒரு வரி: எலியைக் கண்டு புலிக்குக் கிலி! வகுப்பே சிரிக்கும். அடுத்த பக்கத்தில், கிளியின் மூக்கில் மழைத்துளி. அதற்கும் அடுத்த பக்கத்தில், வழியில் குழி, விழித்து நட. இவற்றைப் பார்த்துப் பாடிய பிள்ளை, எலியோடு சேர்ந்த புலியைப் புளியாக்காது. 100 தடவை எழுதியும் வராதது, ஒரு தடவை சிரித்ததில் வந்துவிடும்.

ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகவே உச்சரிக்கும் ஊர்கள் உண்டு என்பது உண்மைதான். அதனால்தான் பாட்டு மட்டும் போதாது. படமும் எழுத்தும் கூடவே வேண்டும். ஆசிரியரும் நாவைத் திருத்திக்கொண்டு பாட வேண்டும்.

அடுத்த வரி யாருடையது?

பாடுவதோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான். ஆசிரியர் கடைசிச் சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு, "என்ன வரும்?" என்று கேட்கட்டும். பிள்ளைகள் சொல்லும் சொற்களையெல்லாம் கரும்பலகையில் எழுதட்டும். பிறகு ஆளுக்கு ஒரு தாள். ஒரு படம், அதன் கீழே ஒரு வரி. எல்லாவற்றையும் சேர்த்து நூலால் தைத்தால் அந்த வகுப்பின் சொந்தப் புத்தகம்! தான் எழுதியதைப் பிறர் படிப்பார்கள் என்று தெரிந்தால், பிழை திருத்தக் குழந்தை தானாகவே ஓடி வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஓசைக்காகப் பொருளைக் கொல்லக் கூடாது. பொருளற்ற சொற்குவியல் பாட்டாகாது. பக்கத்துக்குப் பக்கம் புத்திமதி சொல்லவும் கூடாது. பிற மொழிப் படக்கதையைப் பெயர்த்துப் போட்டால் படம் வரும், பாட்டு வராது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்ட அழ. வள்ளியப்பா போன்றவர்கள் தமிழ்க் குழந்தைக்குத் தமிழிலேயே பாடினார்கள். அந்த வழியில் ஓவியரும் கவிஞரும் இன்று கைகோக்க வேண்டும்.

"இது விளையாட்டு, படிப்பு எப்போது?" என்று கேட்கும் பெற்றோர் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழகத்துத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. எழுத்தை மறந்துவிட்டு வந்த பிள்ளைகளுக்காக 2022-இல் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பாட்டையும் படத்தையும் விளையாட்டையும்தான் துணைக்கு அழைத்தது. அவசர காலத்துக்கு உதவிய மருந்து, அன்றாட உணவாகவும் ஆகலாமே!

மூன்றாம் வகுப்புக்குள் வாசிக்க வராத பிள்ளைக்கு மேல் வகுப்பில் கணக்கும் புரியாது, சரித்திரமும் புரியாது. மெல்ல மெல்லக் கடைசி பெஞ்சுக்குப் போகும். பிறகு பள்ளியை விட்டே போனாலும் போய்விடும். 100 தடவை எழுதும் பையனின் கையில் ஒரு படப் புத்தகத்தைக் கொடுங்கள். அடுத்த வரியை அவனையே எழுதச் சொல்லுங்கள். புலி காட்டிலேயே இருக்கும். புளி குழம்புக்குப் போய்விடும்!